ஓட்டைப் படம்

"இதெல்லாம் ஒரு படமா? ஜீப் ஓடிட்டே இருக்கு, இவன் கை ஸ்டீயரிங்கிலேயே இல்லையே!"

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் டி.வி.யைப் பார்த்துக் கத்தினார். யுத்தகாலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். இன்றைக்கும் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் த்ரில்லர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் படத்தில் மனசே ஒட்டவில்லை.

அவளுடைய தையல் மெஷின் இருக்கும் உள்ளறையில், திரைச்சீலைக்குப் பின்னால், மாடிவீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

வாத்தியார் குளிக்கப் போயிருந்தபோது பின்வாசல் வழியாக ஓடி வந்தவள். உதடு கிழிந்திருந்தது.

"அக்கா, என் தங்கச்சி ஸ்கூட்டர்ல வந்துட்டிருக்கா. அவ வர்ற வரைக்கும் இங்க இருந்துக்கறேன்க்கா. அவர் கையில சிக்கினா இன்னிக்கு என்னை உயிரோட விடமாட்டார்."

புருஷனிடம் சொல்லலாமா? சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். 'ஊர் வம்பு நமக்கெதுக்கு?' என்பதுதான் அவர் வேதவாக்கு. போதாக்குறைக்கு, மாடிவீட்டுக்காரனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். பார்த்த இடத்தில் தோளில் கை போட்டுக்கொள்வார்கள்.

அவள் தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

"பாரு, பாரு!" வாத்தியார் மறுபடி ஆரம்பித்தார். "தப்பி வந்த கைதியை அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா. வாசல்ல சிப்பாய் நிக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறா! அவ மூஞ்சியே காட்டிக் கொடுக்குதே, அது கூடவா அந்தச் சிப்பாய்க்குத் தெரியாது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்."

"ஏன், டைரக்டர் கோவிச்சுப்பாரா?" என்றவர், சவுண்டை இன்னும் ஏற்றினார்.

போச்சு. இனி ஹாரன் என்ன, இடியே விழுந்தாலும் கேட்காது.

ஆனால் கதவு தட்டுவது மட்டும் கேட்டது.

அவள் எழுந்திருப்பதற்குள் வாத்தியார் போய்த் திறந்துவிட்டார். மாடிவீட்டுக்காரன். இஸ்திரி கலையாத சட்டை, மேல்மூச்சு கீழ்மூச்சு.

"அண்ணே, என் வீட்டுக்காரி இங்க வந்தாளா? சின்னச் சண்டை. கோவிச்சுக்கிட்டு இறங்கிட்டா."

"புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். எங்க போயிடப் போறா? வாங்க தம்பி, உட்காருங்க. செம காமெடிப் படம் ஓடுது."

அப்படி இப்படியா? இந்த மனுஷனோடவா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று அவளுக்குக் குமட்டியது.

உள்ளே வந்தவனின் பார்வை திரைச்சீலையில் போய் நின்றது.

"என்ன தம்பி, சந்தேகமா? தாராளமா உள்ள போய்ப் பார்த்துக்கோங்க" என்று வாத்தியார் வழிவிட்டு நகர்ந்தார்.

மேஜைமேல் கிடந்த பெரிய கத்திரிக்கோலை அவள் கை தானாகத் தேடியது.

"ச்சேச்சே, உங்களைப் போய்ச் சந்தேகப்படுவேனா அண்ணே!" அவன் நெளிந்தான். "பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிருப்பா."

"அப்போ நிக்காதீங்க, போங்க. பஸ் கிளம்பிடப் போகுது!"

கார் சீறிக்கொண்டு கிளம்பித் தெருக்கோடியில் திரும்பும் வரை வாத்தியார் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, தாழ்ப்பாள் போட்டார்.

"அந்த ஆளை எதுக்கு உள்ள கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள். "அதுவும் போய்ப் பாருன்னு சொல்றீங்க!"

"தடுத்திருந்தா என்னைத் தள்ளிட்டு நுழைஞ்சிருப்பான்."

வாத்தியார் டி.வி.யை அணைத்தார். வீடு நிசப்தமானது. அந்த நிசப்தத்தில், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அடக்க மாட்டாத விசும்பல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிப்போச்சு" என்றார் அவர், கரகரத்த குரலில். "உள்ள போய்ச் சொல்லு... அந்தப் பொண்ணு இனிமே வாய்விட்டே அழலாம்னு."