நடு நாற்காலி

"யாரு அந்தப் பொம்பள? ஏன் என் நாற்காலில உக்காந்திருக்கா?"

டீன் பிரசோங் மேடைக்குக் கீழ நின்னு கத்தினாரு. கத்தினாருன்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு. பாங்காக்ல இருந்து டிவிக்காரங்க வந்திருந்தாங்கல்ல.

அன்னைக்கு வாய் க்ரூ. மாணவங்க எல்லாம் பூத்தட்டோட முட்டி போட்டு வாத்தியாருங்களைக் கும்பிடுற நாள். மேடையில வரிசையா நாற்காலி. நடு நாற்காலி வருஷா வருஷம் டீனோடது.

இந்த வருஷம் அதுல கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. முகமெல்லாம் திட்டுத் திட்டா தழும்பு. காலுல ரப்பர் செருப்பு. மடியில வாழையிலைப் பொட்டலம்.

"கம்பூன் அக்கா சார். சந்தையில வாழைப்பழம் சுட்டு விக்கிறாங்க," ன்னாங்க அஜான் நரிசா.

அஜான்னா எங்க ஊர்ல வாத்தியார். இந்த அஜான்தான் பார்மகோஜெனோமிக்ஸ் மேல்படிப்புக்குத் தலைவி. டிபார்ட்மென்ட் வேன் ஓட்டுற எனக்கு அந்தப் பேரைச் சொல்லிப் பழகுறதுக்குள்ள பல்லே ஆடிடுச்சு. விஷயம் இவ்வளவுதான். ஒரே மாத்திரை ஒருத்தனைக் காப்பாத்தும், இன்னொருத்தனைத் தோலுரிச்சுடும். யாருக்கு எதுன்னு அவனவன் ரத்தத்துலயே இருக்காம். அதைப் பாத்துட்டு மாத்திரை குடுங்கடான்னு சொல்லித் தர்ற படிப்பு.

"வாழைப்பழம் விக்கிறவளுக்கு நடு நாற்காலியா?"

"மூத்த வாத்தியார்தான் நடுவுல உக்காரணும்னு போன வருஷம் சட்டம் பேசினது நீங்கதானே சார்? இவங்கதான் எங்களுக்கு மூத்தவங்க. எங்க பசங்க எல்லாருக்கும் முதல் பாடமே இவங்க ரத்தம்தான்."

"சந்தை நாத்தம் டிவியில வராதுன்னு தைரியமா?"

"வராது சார். நம்ம நாத்தம்தான் வரும்."

மேடையில இருந்த மத்த வாத்தியாருங்க குசுகுசுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. "இந்த நரிசாவுக்குத் திமிரு ஜாஸ்தி." "ஏழையை உக்கார வெச்சுப் பேரு வாங்கப் பாக்குது."

டீன் விடல. "அவ்வளவு பாசம்னா உங்க நாற்காலியக் குடுக்க வேண்டியதுதானே?"

"எனக்கு நாற்காலியே போடல. நான் கீழ, பசங்களோட."

டீன் மூஞ்சி உரல்ல இடிச்ச மிளகா மாதிரி ஆயிடுச்சு.

"விளையாடாதீங்க அஜான். அந்தம்மா எந்திரிக்கணும். இல்லேன்னா அடுத்த வாரம் உங்க படிப்புக்கு வேற தலைவர்."

அந்தப் படிப்பை அஜான் ஒத்த ஆளா நின்னு கொண்டு வந்தது எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்துல குளிர்பெட்டி கூடக் கிடையாது. ரத்தக் குழாயை எல்லாம் கேன்டீன் ஐஸ் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சு, கேன்டீன்காரி துடைப்பத்தோட துரத்தி, அப்படி வளத்த படிப்பு.

அஜான் கண்ணு கலங்கிச்சு. குரல் மட்டும் கலங்கல.

"தலைமைய எடுத்துக்கோங்க சார். நாற்காலியத் தர மாட்டேன்."

அந்த நேரம் பாத்து டிவிக்காரப் பையன் ஓடி வந்தான். "சார், வெளிச்சம் பத்தல. படம் சரியா வருமான்னு பயமா இருக்கு."

டீன் சட்டுனு முகத்துல சிரிப்பை மாட்டிக்கிட்டாரு. தொண்டையைச் செருமினாரு.

"க்கூம்... நான் இருக்கேன்ல? அப்புறம் என்ன பயம்?"

இது அவரோட பாட்டு. பரீட்சைக்கு நடுங்குற பையன்கிட்டயும் இதான் சொல்வாரு, பஞ்சரான என் வேன்கிட்டயும் இதான் சொல்வாரு. நான் செஞ்சு காட்டினா கேன்டீனே உருண்டு சிரிக்கும்.

மேடையில கம்பூன் அக்கா தலை திரும்பிச்சு.

"டாக்டரா?"

குரல் வந்த பக்கம் காதைச் சாய்ச்சாங்க.

"சந்தைப்பக்கத்து ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர்தானே? கன்னத்துல மின்னல் வெட்டுற மாதிரி வலிக்குதுன்னு ஓடி வந்தேனே. மாத்திரை குடுத்தீங்களே. இது எனக்கு ஒத்துக்குமான்னு கேட்டேன்."

அக்கா தொண்டையைச் செருமினாங்க. அச்சு அசல். என்னைவிட நல்லாவே செஞ்சாங்க.

"'க்கூம்... நான் இருக்கேன்ல? அப்புறம் என்ன பயம்?'"

ஒரு பய சிரிக்கல.

"நீங்க சொன்ன மாதிரியே வலி போயிடுச்சு டாக்டர். கூடவே மேல்தோலும் போச்சு, கண்ணும் பாதி போச்சு. அதனால என்ன? அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாதுன்னு அஜான் சொல்லிச்சு. உங்க இடமா இது? வாங்க, உக்காருங்க."

பொட்டலத்தைப் பிடிச்சுக்கிட்டு அக்கா எந்திரிக்கப் பாத்தாங்க. அஜான் ஓடிப்போய் தோளைப் பிடிச்சு அமுக்கினாங்க. "நீங்க உக்காருங்கக்கா."

டீன் மெதுவா மேடை ஓரத்துக்கு வந்தாரு. குரல் உள்ள போயிடுச்சு.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா அஜான்?"

"இவங்க ரத்தம் எடுத்த அன்னைக்கே தெரியும். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுல உங்க பேரு இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல? தலைமையப் பிடுங்குறேன்னு நான் குதிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தையில என்னைக் கவுத்திருக்கலாமே."

அஜான் குனிஞ்சு ஒரு பூத்தட்டை எடுத்தாங்க. அவரு கையில வெச்சாங்க.

"இன்னைக்கு வாத்தியாரைக் கும்பிடுற நாள் சார். மாணவனைத் திட்டுற நாள் இல்ல. வரிசை அந்தப் பக்கம்."