தொட்டியில் சாய்த்த கண்ணாடி

பொன்சே நகரில் எங்கள் வீட்டுச் சின்னப் பவளத்தொட்டியில் எந்தப் புது மீனை விட்டாலும் பழைய நீல டாம்செல் மீன் கடித்துக் குதறியது.

"சாதுவான கிராமா மீனை விடு. அதுக்கு முன்னாடி வெளிப்பக்கமா ஒரு கண்ணாடியைச் சாய்ச்சு வை. இவன் தன் மூஞ்சியோடயே மல்லுக்கட்டிக்கிட்டு புதுசை மறந்துடுவான்" என்றாள் மீன்கடை மிக்டாலியா.

என் கணவன் எலியேசர் காரிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்துவந்து சாய்த்தான்.

"யாரோடது?"

"உன்னோடதுதான் செல்லம். அதுகூட மறந்துபோச்சா?"

என்னுடையது இல்லை.

எதிர்ப்பக்கம் குனிந்து, தண்ணீர் வழியே பார்த்தேன். டாம்செல் தன் பிம்பத்தை முட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், என் முகம் தெரியவேண்டிய இடத்தில், வேறொருத்தி நிதானமாக உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பூசி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பழைய மீன் புது மீனைப் பார்க்கிற பார்வை.