நாலாவது பூச்சு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஆளில்லாத களத்தில் யாரோ வந்து போன கதை ஒன்று சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஈரம் காயாத நீலப் பூச்சின் மேல் இரண்டு கோடுகள் கிடந்தன. ஜோடிப் பாம்பு ஊர்ந்தது போல வளைந்து, வலை கட்டுகிற இடம் வரை போய், அங்கே ஒரு சுற்று சுற்றித் திரும்பியிருந்தன. பக்கத்தில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

லெவல் மேஸ்திரி குனிந்து அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தார். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் சோற்றுத் தட்டைக்கூடக் கீழே வைக்க மாட்டார் என்று கேலியாக வைத்த பெயர் அது. எத்தனையோ வீடுகளுக்குத் தளம் போட்டவருக்கு, ஒரு வீட்டுத் தோட்டத்தில், மட்டையால் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடுகிற பிக்கிள்பால் விளையாட்டுக்குக் களம் போடும் வேலை இப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்திருந்தது. இது சரியாக வந்தால் அடுத்த தெருவில் இன்னும் இரண்டு களம் காத்திருந்தது. கெட்டால், இருக்கிற பெயரும் போகும்.

"நேத்தும் இப்படித்தான், நாம சாப்பிடப் போன நேரத்துல," என்றாள் கலவை போடும் அக்கா. "என் கலவைதான் சரியில்லன்னு திட்டினீங்க. இன்னைக்கு யாரைத் திட்டப் போறீங்க?"

"சும்மா இரு. பூனையா இருக்கும்."

"எந்த ஊர்ப் பூனைண்ணே காலைத் தூக்காம இழுத்துக்கிட்டே நடக்குது?"

 செலவுக் கணக்கு கொடுத்த நாள் மேஸ்திரியின் நினைவில் வந்து நின்றது. கான்கிரீட், மேல்பூச்சு, வலை, கம்பிவேலி என்று கூட்டினால் ஒரு சின்ன வீடே எழுப்பிவிடலாம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

"யாரு சார் ஆடப் போறது?" என்று அன்றைக்கு மேஸ்திரி கேட்டிருந்தார்.

"என் பொண்ணு பிரமாதமா ஆடுவா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விபத்து..." வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஸ்திரியும் பெண்ணைப் பெற்றவர். அதற்கு மேல் கேட்க நாக்கு எழவில்லை.

அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. தோட்டத்தைப் பார்த்த கடைசி அறையின் ஜன்னல் எந்நேரமும் அடைத்தே கிடக்கும். வீட்டம்மா சமையலறையிலிருந்து அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மற்றபடி வேலைக்குத் தோதான வீடுதான். பின்வாசலில் படி கிடையாது, சிமெண்டுச் சரிவு. கலவை அக்கா தண்ணீர் வாளிகளைக் கைவண்டியில் வைத்து நோகாமல் உருட்டி வந்துவிடுவாள்.

நேற்றைய கோடுகளை மேஸ்திரி சத்தமில்லாமல் தேய்த்து மறைத்துவிட்டார். இன்று மறைக்க மனசு வரவில்லை. வீட்டுக்காரரை அழைத்து வந்து காட்டினார்.

அவர் குந்தி உட்கார்ந்தார். கடிதம் படிப்பது போல அந்தக் கோடுகளின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பு.

"மறுபடி பூசுங்க மேஸ்திரி. செலவு என்னுது."

மேஸ்திரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் பார்த்துச் சிரிக்கிற மனுஷனிடம் என்னவென்று பேசுவது?

மூன்றாம் நாள் பூச்சை முடித்துச் சாப்பிடப் போனவர் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டார். திரும்பி வந்தால், களம் முழுக்க அந்த இரட்டைக் கோடு. ஆத்திரத்தோடு கிறுக்கினது போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, மூலைக்கு மூலை வட்டம் போட்டிருந்தது.

அக்கா கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "என் கூலியில பாதி போனாலும் போகட்டும்ணே. நாளைக்கு நான் வரலை."

மேஸ்திரி கடைக்கு நடந்தார். சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்து, வேலிக் கதவருகே வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"சார், இதைப் பூட்டிடறேன். நாளைக்கு ஒரே பூச்சு, முடிச்சுக் கையில கொடுத்துடறேன். போன உயிருக்கு மனசு ஆறலைன்னா, நாமதான் ஏதாவது..."

"யாரு போனது?" என்றார் வீட்டுக்காரர்.

மேஸ்திரி அடைத்த ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் வீட்டம்மா ஓட்டமாக வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் அவர் குரலை மேஸ்திரி கேட்பது அதுதான் முதல்முறை.

"பூட்டாதீங்கண்ணா. அவ உள்ளதான் இருக்கா. இடுப்புக்குக் கீழ அசைவில்ல. ரெண்டு வருஷமா அந்த ரூமை விட்டு வெளியே வரலை, எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. சக்கர நாற்காலியில உட்கார்ந்தும் ஆடலாம்னு இவர் இதை ஆரம்பிச்சார். அவளுக்குக் கோவம். மூணு நாளா, நீங்க சாப்பிடப் போனதும் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வந்து நாசம் பண்ணிட்டுப் போறா. வழியில ஒட்டற நீலத்தை நான்தான் துடைச்சுடறேன்."

மேஸ்திரி கையிலிருந்த பூட்டு கனத்தது. "அப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கும் ஈரமா விட்டுட்டுச் சாப்பிடப் போங்க."

உங்கள் வீட்டிலும் அடைத்துக் கிடக்கிற கதவு ஏதாவது இருந்தால், கோபத்திலாவது திறக்கட்டும், கண்ணுகளா. எல்லோரும் நன்றாக இருங்கள்.