புது கேபிள் மாற்றப்பட்டது

முட்டிவலி வந்த பிறகு, தன் கையால் கட்டி ஓட்டிவந்த, இரண்டு பேர் அமரும் குட்டி விமானத்தை விற்றுவிட முடிவு செய்தார் வெண்டல். பராமரிப்புப் பதிவேட்டை விரித்து, போன மாதத் தேதி போட்டு, 'வால் கேபிள் புதிதாக மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பக்கத்துக் கொட்டகை லாயிட் எட்டிப் பார்த்தார். "நிஜமாவே மாத்தினியா? அது பிரிபிரியா இருந்துச்சே. பறக்கும்போது அறுந்தா விமானம் கட்டுக்குள்ள நிக்காதே."

"வாங்குறவன் வாலுக்குள்ள தவழ்ந்தா பார்க்கப் போறான்? பதிவேடு சுத்தமா இருந்தா போதும்னு தரகர் சொல்லிட்டார்."

"ஆள் யாருன்னாவது தெரியுமா?"

"தெரியாம இருக்கிறதே நல்லது."

வியாழக்கிழமை தரகர் விமானத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை வெண்டலின் பிறந்தநாள். காலையிலிருந்தே மனைவி வெர்னா ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தேடுற?"

"இனிமே மறைக்க வேண்டாம். நீங்க கட்டினதை வேற யாரும் ஓட்டக் கூடாதுன்னு நம்ம பொண்ணு ஜோலின்தான் தரகரை வெச்சு வாங்கினா. இப்ப புருஷனையும் ஏத்திக்கிட்டு இங்கதான் பறந்து வர்றா."

வெண்டல் மகளின் எண்ணை அழுத்தினார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"மெக்கானிக்கிட்ட காட்டினாளா?" என்று கேட்டார்.

"காட்டச் சொன்னேன். 'அப்பா கையெழுத்தே இருக்கு, இன்னொருத்தர் எதுக்கு'ன்னு சிரிச்சா. கிளம்பி இருபது நிமிஷமாச்சு."