மஸ்டாங்குக்கு எட்டுத் துப்பாக்கி

“மஸ்டாங்குக்கு எட்டுத் துப்பாக்கி” என்றார் நஞ்சுண்டன், ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல்.

பல்லடத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். வராந்தா வரைக்கும் கேட்டது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா மகன் கிருபாசங்கர் உட்கார்ந்திருந்தான். “ஆமாங்க மாமா. தண்டர்போல்ட்டுக்குத்தான் ஆறு” என்றான் நிதானமாக.

இருவருக்கும் நடுவில் லோகப்பிரியா கண்மூடிக் கிடந்தாள். தலையைச் சுற்றிக் கட்டு. மூக்கில் குழாய்.

சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடு கதவருகே நின்ற பாப்பாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பெற்ற மகள் இப்படிக் கிடக்கும்போது பேசுகிற பேச்சா இது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உலகச் சண்டையில் எந்த விமானத்துக்கு எத்தனை துப்பாக்கி, எத்தனை குண்டு.

அவள் காதில் விழுந்தாலும் விழும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாப்பாயியும் “கண்ணு, அம்மணி” என்று வாய் வலிக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். இவர்களோ மகளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் தலைக்கு மேலே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

அதுவும் யார் பேசுவது?

ஏர்ஃபோர்ஸில் இப்போது விமானம் ஓட்டப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று மகள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்” என்று சோற்றைப் பிசைந்த மனுஷன்.

அதோடு விட்டாரா. அவள் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்த சண்டை விமானப் புத்தகங்களை, அவள் காலேஜுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய பேப்பர்க்காரனுக்கு அள்ளிப் போட்டார்.

சாயங்காலம் வந்து காலி அலமாரியைப் பார்த்த லோகப்பிரியா சண்டை போடவில்லை. அழவும் இல்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பேப்பர்க் கடைக்குக் கிளம்பினாள். வளைவில் ஒரு மணல் லாரி வந்தது.

அன்றிலிருந்து பாப்பாயி புருஷனின் முகம் பார்த்துப் பேசவில்லை. சாப்பாட்டை நீட்டுவாள், திரும்பிக்கொள்வாள்.

இந்தக் கிருபாசங்கருக்காவது புத்தி வேண்டாமா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து இவளோடு விமானக் கணக்குக்கு மல்லுக்கு நிற்பவன். இரண்டு பேரும் போடுகிற சத்தம் அடுப்படியில் பாத்திரத்தை அதிர வைக்கும். அவன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதெல்லாம் மறந்துபோய் இன்று மாமனுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

“ஜப்பான்காரனோட ஜீரோவை எடுத்துக்க” என்று ஆரம்பித்தார் நஞ்சுண்டன். “றெக்கையில இருக்கற பீரங்கி ஒவ்வொண்ணுக்கும் ஐநூறு குண்டு. சுட்டுக்கிட்டே இருக்கலாம், தீரவே தீராது.”

“தீராதுங்க மாமா.”

பாப்பாயி பிளாஸ்க்கை மேஜைமேல் இடித்து வைத்தாள். வராந்தாவில் போன நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“வாயை மூடுங்க ரெண்டு பேரும்.”

இருவரும் திரும்பினார்கள்.

“மஸ்டாங்குக்கு ஆறு. தண்டர்போல்ட்டுக்குத்தான் எட்டு. ஜீரோ பீரங்கிக்கு அறுபதே குண்டு. ஏழெட்டு செகண்டுல காலியாப் போயிரும், அப்புறம் சின்னத் துப்பாக்கியை வெச்சுக்கிட்டுத்தான் அல்லாடோணும். எம்புள்ள வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லிச் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே மனப்பாடம்.”

அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

“புஸ்தகத்தையும் தூக்கிப் போட்டீங்க, புள்ளையையும் கொண்டாந்து இங்க போட்டீங்க. இப்ப அவ தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு அவ பேச்சையும் தப்புத் தப்பாப் பேசறீங்க. ஒண்ணாவது சரியாச் சொல்லத் தெரியுதாங்க உங்களுக்கு?”

கிருபாசங்கர் தலைகுனிந்துகொண்டான்.

நஞ்சுண்டன் எழுந்து வந்தார். பதிலுக்குக் கத்துவார் என்று பாப்பாயி நினைத்தாள். கத்தட்டும் என்றுதான் காத்திருந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததில் இன்னும் பாதிகூடக் கொட்டியிருக்கவில்லை.

அவர் மகளின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதைப்போல, பாப்பாயியின் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்.

“தெரியும் பாப்பாயி. ஆறுதான். அறுபதுதான். அந்தக் கடைக்காரன்கிட்டப் போயி அத்தனை புஸ்தகத்தையும் மீட்டாந்துட்டேன். கிருபாதான் ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொன்னான்.”

குரலை இன்னும் தாழ்த்தினார்.

“யாராச்சும் தப்பாச் சொன்னா அவளுக்குப் பொறுக்காதில்ல. நீ சொல்லிப்போடாத. அவ எந்திரிச்சுச் சொல்லட்டும்.”

பாப்பாயிக்குக் கோபம் ஆறவில்லை. இந்த மனுஷன்மேல் அது என்றைக்கு ஆறும் என்று அவளுக்கே தெரியாது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஸ்டூலை இழுத்து மகளின் காதருகே போட்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்க” என்றாள் புருஷனைப் பார்த்து, சத்தமாகவே. “இந்த ஸ்பிட்ஃபயருக்கு ஒரே ஒரு துப்பாக்கிதானுங்க?”