டவர் இல்லாத இடம்

கொட்டாஞ்சேனை போன் கடையின் கண்ணாடி மேசையில் இரண்டு போன்கள் கிடக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விலை கூடியது மட்டும் டவர் இல்லாத நடுக்கடலிலிருந்தும் செய்தி அனுப்புமாம். ஸ்ரான்லி வெள்ளிக்கிழமை வேலைக்குக் கப்பலேறுகிறான். அவன் போவது போன மாதம் கப்பலொன்றில் ஏவுகணை விழுந்த கடல்வழி. “சாதா போன் காணும். மீனுக்கா மெசேஜ் அனுப்பப்போறன்?” என்று சிரிக்கிறான். அவன் மனைவி ஷெரோமி சிரிக்கவில்லை. விலை கூடியதைக் கேட்டால் பயந்தது நடந்துவிடும்போல அவளுக்கு வாய் வரவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் சுரூபத்தில் தொட்டெடுத்த கைலேஞ்சித் துணியால் இரண்டு போன்களையும் மெல்லத் துடைக்கிறாள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. ஸ்ரான்லியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. விலை கூடியதைக் கையிலெடுத்து, கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்கிறான்: “அண்ணே, சார்ஜ் போடாம இது எத்தனை நாள் தாங்கும்?”