லென்ஸில் ஒரு பொட்டு

"சார், சார்! வாயால ஊதாதீங்க! எச்சில் பட்டா கறையாயிடும்!"

அனுஷா போட்ட கூச்சலில், கேமரா லென்ஸை ஊதக் குவித்த உதடுகளை அப்படியே மூடிக்கொண்டார் பாலசுப்ரமணியன். அவர் கையிலிருந்த கர்சீப்பையும் அவள் பக்குவமாக வாங்கி ஓரமாக வைத்தாள்.

பொம்மசந்திராவில் ஜூஸ் பாட்டில் நிரப்பும் அந்தத் தொழிற்சாலைக்கு அவர்தான் மேனேஜர். அனுஷா, தரம் பார்க்கும் இன்ஜினியர். பெல்ட்டில் வரும் பாட்டில்களைப் படம் பிடித்து, லேபிள் கோணலானவற்றைத் தள்ளிவிடுவது அந்தக் கேமராவின் வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாளான இன்று அது நல்ல பாட்டில்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"லென்ஸ்ல என்னம்மா அது?"

"தூசி சார்."

"தூசி மஞ்சளாவா இருக்கும்? நடுவுல சிவப்பு வேற! சந்தனம், குங்குமம்! எந்த அறிவுகெட்ட ஜென்மம் லென்ஸுக்குப் பொட்டு வச்சுது?"

சுற்றி நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

அனுஷா காற்றடிக்கும் ரப்பர் பந்தை எடுத்து 'புஸ் புஸ்' என்று அமுக்கினாள். உலர்ந்த குங்குமம் பறந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் குடியேறியது. யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"பூஜைத் தட்டு யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதான் சார்," என்றாள் பேக்கிங்கில் இருக்கும் மமதா.

"அப்ப நீதான்! யாருன்னு பேரைச் சொல்லு, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புன்னு முதலாளி குதிக்கிறார்."

மமதாவின் கண்கள் கலங்கின. ஆனாலும் 'நான் இல்லை' என்று அவள் சொல்லவில்லை.

"தெரியாம நடந்தது சார். சாமிக்குன்னு செஞ்சது. விட்டுடுங்களேன்."

மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, துணியில் ஒரு சொட்டு திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் துடைத்தாள் அனுஷா.

"மெதுவாத்தான் சார் துடைக்கணும். அழுத்தித் தேய்ச்சா கீறல் விழும். அப்புறம் அது போகவே போகாது... இதோ, சுத்தமாயிடுச்சு. தூசின்னே சொல்லிடலாம் சார்."

"அதெப்படி? இந்தக் கேமரா எல்லாத்தையும் படம் பிடிச்சு வைக்கும்ல? பொட்டு விழறதுக்கு முன்னாடி எடுத்த கடைசிப் படத்தைப் போடு. பெரிய திரையில போடு, எல்லாரும் பார்க்கட்டும்!"

"வேணாம் சார்."

"போடும்மா!"

அனுஷா பெருமூச்சு விட்டபடி பட்டனைத் தட்டினாள்.

சுவர் உயரத் திரையில், கண்களை இறுக மூடி, உதட்டில் மந்திரத்தோடு, சந்தனம் தோய்ந்த கட்டைவிரலை நீட்டிக்கொண்டு பாலசுப்ரமணியன் தெரிந்தார். பின்னால் தட்டை ஏந்திய மமதா, 'அங்க வேணாம் சார்' என்று ஒரு கையைப் பதறிப் பதறி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஃபோன் வந்தது. அவசரமாக எடுத்ததில் பாலசுப்ரமணியனின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"யாருய்யா அந்த ஆளு? பேரைச் சொல்லு!"

பாலசுப்ரமணியன் சட்டையிலிருந்த குங்குமத்தைத் தட்டிவிடப் பார்த்தார். மமதாதான் எட்டி, ஃபோனருகே குனிந்து சொன்னாள்:

"ஆளெல்லாம் யாரும் இல்ல சார், வெறும் தூசி. துடைச்சாச்சு!"